ஞாயிற்றுக்கிழமை கிரீஸ்

வெள்ளியங்கிரிக்குக் கை சும்மா இருக்காது. சும்மா இருக்கிற கையைத் தூக்கிக்கொண்டு மனுசன் எங்கே போவார்? ஊட்டுக்குத்தான் போகவேண்டும். ஊட்டில் யாரும் இல்லை. அதனால் கிரீஸ் அடிக்கிற கன்னைத் தூக்கிக்கொண்டு மில்லைச் சுற்றி வருவார்.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் இருக்கிற கோழித் தீவன மில் அது. மக்காச்சோளம் அரைக்கிற மெஷின், தூசியை இழுக்கிற பெரிய ப்ளோயர், தீவனத்தைக் குருணையாகப் பிழிகிற மெஷின், எல்லாவற்றுக்கும் எண்ணெயும் கிரீஸும் போடுகிற ஆயில்மேன் அவர்தான். சம்சாரம் கண்ணாத்தாள் போய்ச் சேர்ந்த பிறகு மில்லிலேயே கிடப்பது பழக்கமாகிவிட்டது. பெங்களூரில் கட்டிக்கொடுத்த மகள் மோனிஷா அப்பப்போ ஃபோன் போடுவாள். "சாப்ட்டீங்களாப்பா?" என்பாள். "உண்டேன் சாமி" என்பார். அதோடு பேச்சுத் தீர்ந்துபோகும். பாவம், அவளும் வேறு என்னத்தைக் கேட்பாள்?

மெஷினுக்குள் உருளுகிற பேரிங் அப்படியில்லை. கிரீஸ் ஏற்றுகிற நிப்பிளில் கன்னை மாட்டி அமுக்கினால் ஓரத்தில் புதுக் கிரீஸ் பிதுங்கிக்கொண்டு வரும். கொடுத்ததை வாங்கிக்கொண்டேன் என்று அது சொல்வதாக அவர் எடுத்துக்கொள்வார். அப்படியும் மனசு கேட்காமல் மேற்கொண்டு கொஞ்சம் அமுக்குவார். ஞாயிற்றுக்கிழமை மில் நின்றிருக்கும். அன்றைக்கும் வந்து ஒரு சுற்று வைத்துவிட்டுத்தான் போவார். ஆயுத பூசை என்றால் கேட்கவே வேண்டாம். மெஷினைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒவ்வொரு பேரிங்குக்கும் வழிந்து ஒழுகுகிற வரைக்கும் கிரீஸ். நல்ல நாளும் அதுவுமாக அரை வயிறாக விடலாமா?

வினையே அதுதான். பூசை முடிந்து மில் ஓட ஆரம்பித்தால் கொஞ்ச நாளிலேயே ப்ளோயர் பேரிங் சூடேறி உட்கார்ந்துவிடும். வருசா வருசம் இதே கூத்து. மொதலாளி தமிழரசு படித்த ஆள். அவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணு பட்டிருச்சு என்று, போன வருசத்தைவிடப் பெரிய பூசணிக்காயாகப் பார்த்து உடைத்தார். வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டு, "இன்னுங் கொஞ்சம் சேத்தி வெய்யுங்கண்ணா" என்றார். பூசணிக்காயும் பெருத்தது, கிரீஸும் பெருத்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்துச் சுவரிலெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். கிரீஸ் டப்பா மேலே ஒருத்தனும் எழுதவில்லை.

இந்தத் தடவை ப்ளோயரோடு மோட்டார் பேரிங்கும் சேர்ந்து போனது. தீவனம் வரவில்லை என்று கோழிப் பண்ணைக்காரர்கள் சத்தம் போட, தமிழரசு சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார். மைதிலி என்று பேர், சின்ன வயசுப் பெண். மில்களில் எண்ணெயும் கிரீஸும் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்துச் சரிசெய்து கொடுப்பதுதான் அவளுக்குத் தொழில்.

வந்தவள் ஆபீஸ் ரூமில் உட்காரவில்லை. நேரே வெள்ளியங்கிரியிடம் போய், "நீங்க எப்பவும் வெக்கிற மாதிரியே வெய்யுங்கய்யா, நான் பாக்கறேன்" என்றாள். அவருடைய வேலையை ஒருத்தர் பக்கத்தில் நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. கல்யாண ஊட்டில் சொந்தக்காரர்களை அறிமுகம் செய்துவைப்பதுபோல ஒவ்வொரு பேரிங்காகக் கூட்டிப்போய்க் காட்டினார். சந்தோசத்தில் கிரீஸ் இன்னும் தாராளமாகவே போனது.

அவளிடம் ஒரு கருவி இருந்தது. அதன் கம்பியைப் பேரிங் மேல் வைத்தால் உள்ளே உருள்கிற சத்தம் ஹெட்போனில் கேட்கும். ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பேரிங்கில் கம்பியை வைத்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டாள். உள்ளே கரகரவென்று ஒரு சத்தம்.

"இப்பக் கொஞ்சம் வெய்யுங்க" என்றாள். அமுக்கினார். சத்தம் தணிந்து இதமானது. வெள்ளியங்கிரிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இதோட நிறுத்திரணும். இப்ப நீங்க எப்பவும் வெக்கிற அளவுக்கு வெய்யுங்க."

வைத்தார். சத்தம் ஏறியது. முதலில் இருந்ததைவிட மோசமாக இரைந்தது. அவர் சிரிப்பு நின்றுபோயிற்று.

"உள்ள உருளறதுக்கு எடம் வேணுங்கய்யா. அடச்சு வெச்சா கிரீசையே போட்டுக் கலக்கிச் சூடாயிருது. ஓரத்த மூடியிருக்கிற சீல் கிழிஞ்சு தூசியும் உள்ள போயிருது. பூசைக்கப்பறம் ப்ளோயர் போறது இதனாலதான்."

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. "அப்ப வருசா வருசம் நாந்தான் கெடுத்தனுங்களா அம்மிணி?"

மைதிலிக்குப் பூசி மெழுகத் தெரியாது. "ஆமாங்கய்யா" என்றாள். "ஞாயித்துக்கெழமகூட வாரீங்களாமே. மெஷின் நிக்கிறப்ப எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"ஊட்ல யாருமில்லீங்க" என்றார்.

அதற்கு அவளிடம் மருந்து இல்லை. தெரிந்ததை எல்லாம் செய்தாள். ஒவ்வொரு நிப்பிளுக்குப் பக்கத்திலும் எத்தனை அமுக்கு, எப்போது என்று பெயின்ட்டில் எழுதவைத்தாள். பெரும்பாலானவற்றுக்கு மாசம் ஒரு தடவை கொஞ்சூண்டு போதும். கண்ட கிரீஸையும் கலக்கக்கூடாது, ஒரே ரகம்தான். கிரீஸ் கன்னைப் பீரோவில் வைத்துப் பூட்டவேண்டும், ஞாயிற்றுக்கிழமை யாரும் மெஷினைத் தொடக்கூடாது. "ஆளையே மாத்தீரலாமுங்களா?" என்று தமிழரசு கேட்டதற்கு, "அளவ மாத்துங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலை போகவில்லை. ஆனால் போன மாதிரிதான். மாசத்தில் ஒரு நாள் கிரீஸ். மற்ற நாளெல்லாம் துணியை வைத்துக்கொண்டு நிப்பிள் துடைத்தார். அடுத்த ஆயுத பூசைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் மட்டும்தான். பூசை முடிந்து மில் ஓடியது. நாளும் ஓடியது. ப்ளோயருக்கு ஒரு கோளாறும் இல்லை.

தமிழரசு எல்லாருக்கும் லட்டுக் கொடுத்தார். "இந்த வருசம் பேரிங்கு போகல. ஏன்னு தெரியுமா? வெள்ளியங்கிரியண்ணன் கையக் கட்டீட்டு நின்னாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளியங்கிரியும் சிரித்தார், வேறென்ன செய்வார்? ஆனால் உள்ளுக்குள் அறுத்தது. தான் தொடாததால்தான் அது நல்லாயிருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதன் பக்கத்திலேயே தினமும் நிற்பது லேசுப்பட்ட காரியமா? யாருக்கும் அப்படி ஒரு நிலைமை வரக்கூடாது.

அடுத்த வாரம் மைதிலி சோதனைக்கு வந்தாள். எல்லாம் பார்த்து முடித்துக் காரில் ஏறப்போனவளிடம் அவர் வந்து நின்றார்.

"தப்பா நெனக்காதீங்க அம்மிணி. ஒரே ஒரு பேரிங்க மட்டும் எனக்கு உட்டுருங்க. சின்னதா இருந்தாலுஞ் சரி. ஞாயித்துக்கெழம வந்து கொஞ்சம் வெச்சுட்டுப் போயிர்றேன். கெட்டுப்போச்சுன்னா நானே கழட்டி மாத்திர்றேன்."

மைதிலி மில்லைத் திரும்பிப் பார்த்தாள். எதைக் கொடுப்பாள்? எதைக் கொடுத்தாலும் அது செத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் அவள் கண் வாசலுக்குப் போனது. தண்டவாளத்தில் தள்ளித் திறக்கிற பெரிய இரும்புக் கேட்டு அங்கே இருந்தது. துருவேறிப்போய், ரெண்டு ஆள் சேர்ந்து தள்ளினால்தான் நகரும்.

"அந்தக் கேட்டுச் சக்கரத்துக்கு வெய்யுங்கய்யா" என்றாள். "நல்லாத் தொடச்சுட்டு வெய்யுங்க. அதுக்கு எவ்வளவு வெச்சாலும் ஒண்ணும் ஆவாது. மொதலாளிகிட்ட நான் சொல்லிர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளியங்கிரி வந்து கேட்டுக்கு முன்னால் குந்தினார். துருவைச் சுரண்டி, சக்கரத்தைத் துடைத்து, மனசு நிறைகிற வரைக்கும் கிரீஸ் வைத்தார். போதும் என்று சொல்ல யாருமில்லை. மத்தியானத்துக்குள் கேட்டு ஒற்றை விரலுக்கு ஓடியது. ஒரு பக்கம் முழுக்கத் திறந்தார், சாத்தினார், திரும்பவும் திறந்தார். துளிச் சத்தம் இல்லை. திறந்து வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை அந்த மில்லுக்கு லாரியும் வராது, ஆளும் வராது. கேட்டு எவ்வளவோ லேசாகிவிட்டது, அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரத்தான் ஒருத்தரும் இல்லை.