ஷாஜியாவின் நான்கு பெடல்களும் ஒரு ஙொய்யும்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, திருடியது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் பந்தியில் இடம் கிடைக்காமல் மேடையோரம் நின்றபோது கிடைத்தது. முதல் வரியையாவது சொந்தமாக எழுதலாம் என்று பார்த்தேன்:

ஷாஜியாவின் விரல்கள் கம்பிகளின் மீது மழைத்துளியாய்...

[கருமம். அடித்தாயிற்று. அவள் இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கவில்லை.]

2

பாலக்கரை ஷாஜியாவுக்கு இது மூன்றாவது மேடை. முந்தைய இரண்டிலும் அவள் கிட்டாரிலிருந்து 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் ஓயாமல் வரவே, மைக் செட்காரர்கள் அதன் சத்தத்தை அடியோடு அணைத்துவிட்டார்கள். பாட்டு முடியும்வரை ஊமைக் கிட்டாரை வாசித்தபடி அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அது தெரியாமல் அம்மா கமர் ஜஹான் முன்வரிசையில் கைதட்டியதுதான் பெரிய வயிற்றெரிச்சல்.

இன்று ஆறு மணிக்கு மேடை. ஐந்தரைக்கே ஙொய்.

"வாசிக்க வந்தீங்களா, கொசு விரட்ட வந்தீங்களா?" என்றார் இன்றைய மைக் செட்காரர் ஜகன்னாத். "இது போகலேன்னா லைனை அணைச்சிருவேம்மா. கோவிச்சுக்காதீங்க."

"அஞ்சே நிமிஷம் குடுங்கண்ணே!"

3

பெடல் என்பது காலால் மிதித்துக் கிட்டாரின் ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி. அவளிடம் நான்கு. நான்குக்கும் ஒரே அடாப்டர், அதிலிருந்து நான்காகப் பிரியும் ஒயர்.

முதல் பிரதியில், பிளக்கின் எர்த் முள்ளை அவள் வெட்டுவதாக எழுதினேன். இரைச்சல் நின்றது, கைதட்டல் எழுந்தது, நானும் காபி குடிக்கப் போனேன். படித்துப் பார்த்த என் எலக்ட்ரீஷியன் நண்பன் கலீம் போனில் கத்தினான்.

"யோவ், இரும்புக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிற பொண்ணுய்யா! ஷாக் அடிச்சா யாரு பொறுப்பு? கதைன்னா என்ன வேணா பண்ணுவியா?"

பண்ணமாட்டேன். முள்ளைத் திரும்ப ஒட்டவைத்துவிட்டேன்.*

* கதையில் முடியும். நீங்கள் வெட்டித் தொலைக்காதீர்கள்.

4

அப்போது சென்னையிலிருந்து அவளுடைய மாமா விலையுயர்ந்த புது பவர் சப்ளையுடன்...

[வரமாட்டார். பஸ் லேட்.]

ஆகவே ஷாஜியாவே மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெடலாக ஒயரைப் பிடுங்கினாள். முதலாவது, ஙொய். இரண்டாவது, ஙொய். எதிரொலி தரும் டிஜிட்டல் பெடலைப் பிடுங்கியதும் கப்சிப்.

"அடப்பாவி, நீதானா!"

அதன் இரைச்சல் பொது ஒயர் வழியாக, கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் நான்காவது பெடலுக்குள் புகுந்திருக்கிறது. அந்தக் கரகரப்புப் பெடல் வாங்கியதைப் பத்து மடங்காக ஊதி வெளியே விட்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே தட்டில் சோறு போட்டதுதான் தப்பு. கரகரப்புப் பெடலுக்கு மின்சாரம் கொஞ்சம் போதும். அதன் அடியில் பேட்டரிக்கென்றே ஓர் அறை இருந்தது, வாங்கிய நாளிலிருந்து அவள் திறந்ததே இல்லை.

"அண்ணே, கார்ட்லெஸ் மைக்குல போடுற சதுர பேட்டரி ஒண்ணு குடுங்களேன்."

"அது மாப்பிள்ளையோட பெரியப்பா பேசுறதுக்கு வச்சிருக்கேன்மா."

"அவரு பேசலேன்னா யாருண்ணே அழப்போறா?"

ஜகன்னாத் சிரித்துவிட்டார். பேட்டரி கைக்கு வந்தது. அதைக் கரகரப்புப் பெடலுக்குள் போட்டு, மற்ற மூன்றையும் அடாப்டரில் செருகி, நான்கையும் மிதித்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. ஜகன்னாத் சத்தத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார்.

"என்னம்மா, லைன் செத்துருச்சா?"

"இல்லண்ணே," என்றாள். நான்கு பெடல்களிலும் எரிந்த சின்ன விளக்குகளைக் காட்டினாள். "உயிரோடதான் இருக்கு!"

ஜெயித்துவிட்டாள்! எழுதும் எனக்கே தலைகால் புரியவில்லை.

5

மணி ஆறு. திரை விலகிவிட்டது, கூட்டம் அவளைப் பார்க்கிறது. முடிவாக மண்டபமே எழுந்து நின்றதாக எழுதலாம். ஜகன்னாத் விசிலடித்ததாக எழுதலாம். இரண்டுக்கும் முன்னால் அவள் முதல் கம்பியைத் தட்டியாக வேண்டும், நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். காகிதத்தில் ஓசை எழாது. அதை நான் எழுதினால், அவளை ஊமையாக்கிய மூன்றாவது ஆள் நானாகிவிடுவேன்.

அவள் கையை ஓங்கிவிட்டாள். நீங்கள் வாயைத் திறந்து அந்த முதல் ஓசையை எழுப்புங்கள். பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை, சத்தமாக.