பதினைந்து வரிசை நிறுவனர்

நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவுக்கு, நிறுவனர் தொழில் தொடங்கிய செங்கல் வீட்டைக் காகிதக் கூழில் செய்து தரும் வேலை பொம்மைக்காரிக்குக் கிடைத்தது. அதுவரை பள்ளி நாடகங்களுக்கு யானைத் தலை செய்துகொண்டிருந்தவள். நாலு பேர் கண்ணில் படப்போகும் முதல் வேலை இது. கைநழுவினால் மறுபடி யானைத் தலைதான்.

கொடுத்தது ஒரே ஒரு பழைய புகைப்படம். வாசலை ஒட்டி, சுவரில் முதுகு பட விறைப்பாக நிறுவனர்.

முட்டை அட்டையை வெட்டிச் செங்கல்லாக ஒட்டுவதாக முடிவு செய்தாள். அந்தச் சொரசொரப்பு வேறு எதிலும் வராது. எந்த அளவில் வெட்டுவது? கணவர் கொத்தனார்.

"ஏங்க, ஒரு வரிசைச் செங்கல் என்ன உயரம் இருக்கும்?"

"பழசோ புதுசோ, சாந்தோட சேத்துப் பத்து சென்டிமீட்டர். முப்பது வருஷமா கட்டுறேன், இன்னிக்குத்தான் கேக்கத் தோணுச்சா?"

"இன்னிக்குத்தானே எனக்குச் செங்கல் தேவைப்படுது."

பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள். வாசல் பதினெட்டு வரிசை. நிறுவனரின் தலை பதினைந்தாவது வரிசையோடு நின்றுவிட்டது. மறுபடி எண்ணினாள். அப்படியும் அவர் வளரவில்லை.

"ஒன்றரை மீட்டர்," என்றார் கணவர். "பரண்ல ஏத்தி வேலை வாங்க வசதியான ஆளு."

அலுவலக முகப்பில் நிற்கும் வெண்கல நிறுவனரோ ஆறடி நாலு அங்குலம். பீடம் தனி.

இருபதில் ஒரு பங்கு அளவில் வீடு எழுந்தது. வரிசைக்கு அரை சென்டிமீட்டர். ஒவ்வொரு செங்கல்லின் முனையையும் நகத்தால் நசுக்கி ஒட்டினாள். இல்லாவிட்டால் குளியலறை ஓடு மாதிரி பல்லிளிக்கும். ஒன்பது சென்டிமீட்டர் வாசலில் ஏழரை சென்டிமீட்டர் நிறுவனரை நிறுத்தினாள்.

மேலாளர் வந்து பார்த்தார். மூச்சு விடுவதற்குக்கூட நிறுவனரின் தொலைநோக்கைக் காரணம் சொல்கிறவர்.

"வீடு பிரமாதம். வாசல்ல யாரு, காவலாளியா?"

"நிறுவனருங்க."

"அவர் மலைம்மா. சிலைக் கணக்குப்படி ஒன்பதரை பண்ணுங்க."

"அப்புறம் வாசல்ல நுழைய மாட்டாருங்க."

"வாசலப் பெருசாக்குங்க."

"செங்கல் ஒத்துக்காதுங்க."

"செங்கல்கிட்ட யாரு கேட்டா? முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள் பாக்கறோம்."

ஒன்பதரையிலும் ஒருவரைச் செய்தாள். நெற்றி நிலைச்சட்டத்தில் இடித்தது. மறுநாள் வீட்டையும் இரண்டு நிறுவனர்களையும் சுமந்துகொண்டு நேரே முதலாளியிடம் போனாள். நிறுவனரின் மகன்; எழுபது வயது. மேலாளர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"எது சரின்னு நீங்களே சொல்லுங்கய்யா. பாத்திருப்பீங்களே."

"எனக்கு ரெண்டு வயசுல போயிட்டார்மா. எனக்குத் தெரிஞ்சது சிலைதான்."

அவள் புகைப்படத்தையும் பூதக்கண்ணாடியையும் நீட்டினாள். அவரே விரல் வைத்து எண்ணினார். பிறகு முகப்புக்கு நடந்தார்; அவள் வீட்டையும் பொம்மைகளையும் சுமந்துகொண்டு பின்னால் போனாள். அவர் காலணியைக் கழற்றி, அங்கிருந்த பூசாத செங்கல் சுவரில் சாய்ந்து நின்றார்.

"எண்ணும்மா."

எண்ணினாள். பதினைந்து.

"இது புதுச் செங்கல் சார், அளவு மாறும்," என்றார் மேலாளர்.

"மாறாது. எல்லாம் அதே பத்துதான்," என்றாள் பொம்மைக்காரி.

முதலாளி சிலையை அண்ணாந்து பார்த்தார். "அப்பா எங்க, நீ எங்கன்னு கேட்டே என்னை வளத்தாங்க," என்றார். குட்டி நிறுவனரைக் காகித வீட்டு வாசலில் வைத்தார். நெட்டையரை மேலாளர் கையில் கொடுத்தார். "இது உங்க மேசைக்கு." வெறுங்காலோடு அறைக்குப் போய்விட்டார்.

சுவரோரம் காலணி கிடந்தது. பொம்மைக்காரி குனிந்து, பக்கத்துச் செங்கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். குதிகால் மட்டும் அரை வரிசை.