ஆல்தோவும் பட்டும்

விடிந்து வெகு நேரமாகியும் மயூர் விஹாரில் வெயில் வரவில்லை. கல்யாணராமன் மனைவியின் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தி, அவள் கால்களை ரஜாய்ப் போர்வைக்குள் செருகினார்.

சியாமளா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுத்தவள். பக்கவாதத்துக்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின; அவற்றை இணைக்கும் சொற்கள் மட்டும் வரவில்லை. பிகாஸ், வென், இஃப் எல்லாம் எங்கோ போய்விட்டன. தமிழிலும் அப்படித்தான். "கால். குளிர்," என்பாள். "அந்தச் சொல்லெல்லாம் இனிமே திரும்பி வர்றது கஷ்டம், அங்கிள்," என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் போன வாரம் சொல்லிவிட்டாள்.

அவர் நம்பவில்லை. உள்ளே அந்த டீச்சர் தூங்குகிறாள், சீண்டினால் எழுந்துவிடுவாள் என்றே நினைத்தார். சீண்ட ஒரு வழியும் வைத்திருந்தார். ஆபீஸ் நாட்களில் கடிதங்களை எழுதி அவளிடம் காட்டும்போது, 'இருந்தாலும்' என்பதற்கு ஆல்தோ என்று தொடங்கியிருப்பார். நடுவில் 'ஆனால்' என்பதற்கு ஒரு 'பட்'டும் சேர்த்திருப்பார். சியாமளா விடமாட்டாள். "துணை வாக்கியத்தைக் கட்டிப்பிடிக்க ஆல்தோ ஒண்ணே போதும். பட் எதுக்கு? ஒரு கழுத்துக்கு ரெண்டு தாலியா?" என்று சிவப்புப் பேனாவால் அடிப்பாள்.

பிள்ளையார் படத்தைக் கும்பிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சியாமா, இது சரியான்னு பாரு. ஆல்தோ இட் வாஸ் கோல்ட், பட் ஷி வென்ட் டு ஸ்கூல்."

சமையல் வேலை செய்யும் பொன்னம்மாள் எட்டிப் பார்த்தாள். "காலங்கார்த்தால அம்மாவுக்குப் பரிட்சையா? பாவம், விடுங்கய்யா."

"பரிட்சை எனக்குத்தான். நீ சும்மா இரு."

மறுபடி சொன்னார், 'பட்' என்பதை அழுத்தி. அவள் புருவத்தையே பார்த்தார். அது கொஞ்சம் நெளிந்தால் போதும். 'தப்பு' என்று ஒரு சொல் வந்தால் போதும். அந்தச் சொல் அவளிடம் இருந்தது. நேற்றுகூட உப்பில்லாத உப்புமாவைப் பார்த்துச் சொன்னாள்.

சியாமளாவின் முகம் மெல்ல மலர்ந்தது.

"கரெக்ட்," என்றாள்.

கல்யாணராமன் மூன்றாம் முறை சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்னது சரிதான். சிவப்புப் பேனாக்காரி இனி வரமாட்டாள்.

அவர் அழுவதைப் பார்த்த சியாமளா, அசைகிற இடது கையை நீட்டி அவர் தலையைத் தடவினாள். "குட். பாய்."

இத்தனை வருஷத்தில் அவருடைய ஆங்கிலத்துக்கு அவள் போட்ட முதல் குட் அது. பொன்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"தேங்க் யூ, டீச்சர்," என்றார்.

பகவானே, இந்தக் கையையாவது விட்டு வை என்று வேண்டிக்கொண்டு, அது தடவி முடிக்கும்வரை தலையைக் குனிந்தே வைத்திருந்தார்.