கையில் இருந்த குளம்

ஒட்டன்சத்திரத்து வரைபட அலுவலகத்தில் கட்டளைகள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஒரு கட்டளை வெளியே தள்ளுவதை ஆள்தான் எடுத்துக்கொண்டு போய் அடுத்த கட்டளையிடம் கொடுக்க வேண்டும். யாரிடம் வாங்கி யாரிடம் கொடுப்பது என்பதைத் தணிகாசலம் பைதான் என்ற கணினி மொழியில் வரி வரியாக எழுதிவைப்பார். எடுத்துப்போவது ஜெசிந்தாவின் வேலை.

உயரக் கட்டளையின் ஜன்னலில் மலைச்சரிவு வந்து விழும். அதை மார்போடு அணைத்துத் தூக்கிப்போய் ஓடைக் கட்டளையிடம் கொடுப்பாள். எதையும் தரையில் வைக்கக் கூடாது. யார் கையிலும் இல்லாத வெளியீடு அழிந்துபோகும்.

அவளுக்குச் சொந்த ஊர் கடற்கரையில் இருக்கும் மணப்பாடு. இங்கே ஒரு மொட்டைமாடி அறையில் தனியாகக் குடியிருந்தாள். பகலெல்லாம் கை நிறைய இருக்கும். சாயங்காலம் வெறுங்கையோடு படியேறுவாள். கீழ்வீட்டுக்காரர்களுக்கு அவளுடைய செருப்புச் சத்தம்தான் தெரியும், முகம் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை ஓடைக் கட்டளை ஒரு குளத்தைக் கொடுத்தது.

"சார், இதை யார்கிட்ட குடுக்கணும்?"

"பரப்பளவுக் கட்டளைகிட்ட. அந்த வரியை இன்னும் எழுதலை. திங்கக்கிழமை எழுதிடுறேன்," என்றார் தணிகாசலம். "அதுவரைக்கும் உங்க கையிலேயே இருக்கட்டும்மா."

குளத்தோடு பஸ் ஏறினாள். பக்கத்தில் இருந்தவர் வேட்டி நனையாமல் சுருட்டிக்கொண்டார்.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் கரையில் ஒரு அம்மாள் துணி துவைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பெயர் சீரங்காயி என்றாள்.

"துணி இன்னும் கிடக்கு. ஆடாம பிடி கண்ணு."

ஜெசிந்தா ஆடாமல் பிடித்தாள். இருட்டியதும் சீரங்காயி கரையிலிருந்து இறங்கி வந்து, அடுப்பைப் பற்றவைத்து, ரசம் சாதம் பிசைந்தாள். ஜெசிந்தாவின் இரண்டு கையிலும் குளம் இருந்ததால் ஊட்டிவிட்டாள். ஜெசிந்தாவுக்கு யாரும் சோறு ஊட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. மென்று விழுங்க நேரம் பிடித்தது.

"காரமா?"

"இல்லம்மா."

சனியும் ஞாயிறும் அப்படியே போயின. ஜெசிந்தா கடலைப் பற்றிச் சொன்னாள். அம்மா இறந்த வருஷம் ஊருக்குப் போனதையும், அதன்பிறகு போகாததையும் சொன்னாள். சீரங்காயி கேட்டுக்கொண்டே துணியைக் கும்மினாள்.

திங்கட்கிழமை தணிகாசலம் அந்த வரியை எழுதிவிட்டார். குளத்தின் பரப்பளவு தெரிந்தால்தான் வயலுக்குத் தண்ணீர் திறப்பார்கள். விவசாயிகள் வராந்தாவில் காத்து நின்றார்கள்.

"சார், கரையில ஒரு அம்மா இருக்காங்க."

"பரப்பளவுக்கு ஆள் தேவையில்லையே. வேண்டாததை அது எடுத்துக்காது."

"அப்ப அவங்க எங்க போவாங்க?"

"அது நான் எழுதின ஸ்கிரிப்ட்ல இல்லைம்மா."

குளத்தைத் தூக்க இரண்டு கை வேண்டும். ஆனால் சீரங்காயியை யாராவது பிடித்திருக்கவும் வேண்டும். ஜெசிந்தா பரப்பளவுக் கட்டளையின் ஜன்னலுக்குப் போனாள். குளம் தவறினால் வயல்கள் காயும். பிறகு அதைக் குடம்போல இடுப்பில் ஏற்றி ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். மற்ற கையால் சீரங்காயியின் மணிக்கட்டைப் பிடித்தாள். சீரங்காயி துணி மூட்டையைத் தன் இன்னொரு கையில் எடுத்துக்கொண்டாள். இடுப்பை ஜன்னலோடு சாய்த்துக் குளத்தை உள்ளே விட்டாள். சேலையின் ஒரு பக்கம் முழுக்க நனைந்தது. மணிக்கட்டு மட்டும் கையிலேயே இருந்தது, சூடாக.

மறுபக்க ஜன்னலில் ஒரு எண் வந்தது. அவள் போய்ச் சேருமுன் முன்னால் நின்ற விவசாயி அதை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார்.

"விட்டுடாத கண்ணு," என்றாள் சீரங்காயி.

"விடமாட்டேம்மா."

அன்று சாயங்காலம் இரண்டு பேராகப் படியேறினார்கள். கையை விடாமலே, ஆளுக்கு ஒரு கையால், துவைத்த துணிகளை மாடியில் காயப்போட்டார்கள். கடைசியாக ஒரு சிவப்புச் சேலை. உதற உதற அது வந்துகொண்டே இருந்தது. கொடி போதவில்லை. ஜெசிந்தா முந்தானையைப் பக்கத்து மாடிப் பெண்ணிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

அந்தப் பெண் வாங்கி அடுத்த மாடிக்குக் கொடுத்தாள். அங்கிருந்து பெட்டிக்கடைக்காரர் வாங்கினார். அதன்பிறகு யார் வாங்கினார்கள் என்பது இங்கிருந்து தெரியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜெசிந்தாவின் போன் அடித்தது.

"பழனியிலிருந்து பேசுறோம்ங்க. முந்தானை வந்து சேர்ந்துடுச்சு, கட்டிட்டோம். இங்க நல்ல காத்து. நாலு கிளிப் இருந்தா குடுத்தனுப்புங்க."

"சரிங்க," என்றாள் ஜெசிந்தா.