அறுபத்தொரு ஜோடித் தண்டவாளம்

1

இது கட்டுரையாகத்தான் ஆரம்பித்தது. நான்கு வருடம் இரண்டு மாதம் மட்டுமே ஓடிய ஒரு ரயில் பாதையைப் பற்றி எழுதித் தருவதாக ஒரு பத்திரிகையிடம் வாய் கொடுத்திருந்தேன். முப்பத்தொரு கிலோமீட்டர், ஐந்து ஸ்டேஷன், கடைசியில் ஒரு கல்குவாரி. குவாரியில் கல் தீர்ந்தது, பாதையையும் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கிய கூட்டத்துக்கு மேஸ்திரி என் அப்பா. சோம்பேறிக்கு இதைவிட நல்ல தலைப்பு எங்கே கிடைக்கும்? வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதுகூட இல்லை.

அப்பாவின் பழைய வேலை டைரியைப் புரட்டினேன். 'கழற்றியது, எண்ணூறு மீட்டர்.' மறுநாள், 'பூட்டியது, அதே எண்ணூறு மீட்டர்.' அதற்கு மறுநாள், 'கழற்றியது, அதே எண்ணூறு மீட்டர்.' காரணம் எழுத வேண்டிய இடம் காலி. கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

ஆரம்ப வரிகள் (எல்லாம் அடித்தவை):

இரும்பு அழுவதில்லை, ஆனால்... (சீச்சீ.)

அது ஒரு மழைக்கால... (மழையே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது என்கிறாள் அத்தை.)

ஒரு ரயில் தன் பாதையைத் தானே... (இது பரவாயில்லை. முடிக்கிறேன்.)

ஒரு ரயில் தன் பாதையைத் தானே எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை, கேட்டதற்கே வாயைப் பிளந்துவிட்டேன். வேலை கடைசி ஸ்டேஷனில் தொடங்கும். இன்ஜின் ஜங்ஷன் பக்கம் பார்த்து நிற்கும், பின்னால் காலி வண்டிகள். கடைசி வண்டிக்குப் பின்னால் இருக்கும் தண்டவாளத்தைக் கழற்றி அதே வண்டியில் ஏற்றுவார்கள். ஒரு ஜோடி ஏறியதும் ரயில் பதிமூன்று மீட்டர் நகரும். மறுபடி ஒரு ஜோடி. நின்ற இடத்துக்கு அது இனி எந்த ஜென்மத்திலும் திரும்ப முடியாது. திரும்பியது என்பதுதான் கதை.

3

கடைசி ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர் மாமா, அதாவது என் அத்தை புருஷன். ரயில் எந்தத் தடத்தில் போக வேண்டுமோ அந்தத் தடத்துக்கு இரும்புக் கம்பியை இழுத்துவிடுவது அவர் வேலை. ஸ்டேஷனைப் பூட்டிவிட்டுச் சாயங்காலம் நடந்துபோய் ரயிலில் ஏறிக்கொள்வதாக அவரும் அத்தையும் பேசி வைத்திருந்தார்கள். அன்று மத்தியானம், ஒப்படைக்க வேண்டிய விளக்கைக் கழற்றக் கைகாட்டி மரத்தில் ஏறியவர், அங்கிருந்து விழுந்தார். இடுப்பு போயிற்று.

(மாமாவை நான் பார்த்ததே இல்லை. முதல் பிரதியில் அவரைப் பெரிய தியாகியாக எழுதியிருந்தேன். படிக்கச் சொல்லிக் கேட்ட அத்தை, "யாருடி இந்த ஆளு? அவரு சரியான சிடுமூஞ்சி. சோத்துல கல்லு இருந்தா ரெண்டு நாள் பேசமாட்டாரு" என்றாள். அடித்துவிட்டேன்.)

இருவரும் வரவில்லையே என்று ஆட்கள் தேடி வந்தபோது இருட்டிவிட்டது. அதற்குள் ரயில் எண்ணூறு மீட்டர் தள்ளிப் போயிருந்தது. சாலை கிடையாது. தொலைபேசிக் கம்பியை முந்தின வாரமே இறக்கிவிட்டார்கள். டாக்டர் இருப்பது ஜங்ஷனில்.

4

மறுநாள் காலை, கட்டிலோடு தூக்கிப் பார்த்தார்கள். ஜல்லியில் பத்து அடி வைப்பதற்குள் மாமா போட்ட அலறலில் நாலு பேரும் கட்டிலை இறக்கிவிட்டார்கள்.

அப்பா ரயில் நிற்கும் இடம்வரை கண்ணாலேயே அளந்து பார்த்தாராம். பிறகு, "அவரு வண்டிகிட்ட வர முடியலைன்னா, வண்டி அவர்கிட்ட வரட்டும்" என்றாராம்.

"அண்ணே, இது மூடின பாதை. இன்ஜினை உள்ள விட்டீங்கன்னா வேலை போயிடும்" என்றார் டிரைவர்.

"போனா போகுது. கடப்பாரையை எடு."

இருபத்திரண்டு பேர். அறுபத்தொரு ஜோடி. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த கட்டைகள் தரையிலேயே கிடந்தது நல்லதாய்ப் போயிற்று. ஏற்றிய தண்டவாளத்தை இறக்கி, நாலு போல்ட் போட வேண்டிய இடத்தில் இரண்டு, மூன்று கட்டைக்கு ஒரு ஆணி என்று பூட்டிக்கொண்டே போனார்கள். பூட்டிய பதிமூன்று மீட்டரில் ரயில் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. சாகப்போகும் பாதையை, ஒரு நாள் உயிரோடிருக்கட்டும் என்று திரும்பப் போட்டிருக்கிறார்கள், ஐயா! இதை எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. ஒளிக்க மாட்டேன்.

"நாலு மணிக்கு பிளாட்பாரத்தைத் தொட்டோம்" என்பார் அப்பா. "மாப்பிள்ளை என் தண்டவாளத்து மேல உயிரோட வந்தாரு. ஜங்ஷன் தெரியிற வரைக்கும் வந்தாரு. அதுக்கு மேல விதி." அவர் வாழ்க்கையில் பெருமையடித்துக்கொள்ளும் ஒரே விஷயம் இது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வேலை போகவில்லை. டைரியைப் பார்த்த அதிகாரி காரணம் கேட்டாராம், அப்பா சொன்னாராம். அதிகாரி பேனாவை மூடிவிட்டாராம்.)

5

இந்தப் பகுதி உங்களுக்கு மட்டும். அப்பாவுக்குக் கண்ணில் புரை, ஆபரேஷனுக்குப் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறார். நான் எழுதுவதை நான்தான் படித்துக் காட்டுகிறேன். இதை மட்டும் தாண்டிவிடுவேன்.

போன வாரம் துணி மடித்துக்கொண்டே அத்தை சொன்னாள்:

"இன்னும் இருபது ஜோடி பாக்கி இருக்கும்போதே அவரு போயிட்டாரு. நெஞ்சுல கை வச்சுட்டுத்தான் உக்காந்திருந்தேன், நின்னது தெரிஞ்சுது."

"ஏன் அத்தை யார்கிட்டயும் சொல்லலை?"

"எப்படிடி சொல்றது? அத்தனை பேரு கையிலயும் ரத்தம். உங்கப்பா முகத்தைப் பார்த்தேன், முடியலை. அதுவுமில்லாம, அந்த மனுஷன் நாலு வருஷம் ஊரு ரயிலுக்கெல்லாம் வழி விட்டாரு. அவருக்குன்னு ஒண்ணு வருது. நான் எப்படி வேண்டாம்னு சொல்வேன்?"

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, தூங்குகிறார், எழுப்பாதீர்கள் என்றிருக்கிறாள். திரும்பும்போது அந்த எண்ணூறு மீட்டரும் அப்பா வண்டிக்கு முன்னால் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே நடந்தார், பிறகு இன்ஜினில் ஏறிக்கொண்டார். கட்டிலைத் தூக்கி வைத்த நாலு பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஜங்ஷன் தெரிந்ததும் அத்தை, "இப்பதான் போனாரு" என்று அழுதிருக்கிறாள். முப்பது கிலோமீட்டர் அடக்கி வைத்த அழுகை.

பாக்கித் துணியை நான் மடித்து வைத்தேன்.

6

இங்கே முதலில் ஒரு முடிவு இருந்தது. மாமா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார், புன்னகைப்பார், கண்ணை மூடுவார். (சிடுமூஞ்சி எதற்குப் புன்னகைக்கிறார்?) அந்த முடிவோடுதான் இன்று மத்தியானம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அத்தையும் எதிரே உட்கார்ந்திருந்தாள். நாலு முடிந்தது. தாளை மடியில் கவிழ்த்துவிட்டு, "ஆறு" என்றேன்.

"ஏம்மா, அஞ்சு எங்க?"

எண்ணி எண்ணியே ஆயுள் கழித்த மனிதர். இதை யோசிக்காமல் போனேனே.

"அது சரியா வரலைப்பா."

"வந்த வரைக்கும் படி. எனக்கு ஒரு சந்தேகம். அன்னைக்கு வண்டி வந்து நின்னதும் உங்க அத்தை டிரைவரைப் பார்த்து, நீளமா ஒரு ஊது ஊதச் சொன்னா. இடுப்பு ஒடிஞ்சு தூங்குற மனுஷன் பக்கத்துல யாராவது ஊதச் சொல்வாங்களா? நாப்பது வருஷமா கேக்கலாமா வேண்டாமான்னு இருக்கேன். அது அஞ்சுல இருக்கா?"

விசில் ஐந்தில் இல்லை. அத்தை அதை என்னிடம் சொல்லவில்லை. ஆனால் பதில் ஐந்தில் இருக்கிறது.

அத்தையைப் பார்த்தேன். படி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா காதை என் பக்கம் திருப்பிக் காத்திருக்கிறார்.

தாள் என் மடியில் இருக்கிறது. நீங்கள் படித்துவிட்டீர்கள். சொல்லுங்கள், படிக்கட்டுமா?