ஒருமுறை சுட்டது

ஆர்விட் லோஃப்கிரன் பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதமாகிவிட்டது. மாதம் பிறந்தால் பராமரிப்பு விடுதியின் பில் வந்துவிடும். அவருடைய துப்பாக்கிகளை எல்லாம் அவர் மனைவி நெட்ரா முன்பே விற்றுவிட்டாள். மிச்சமிருந்தது வெற்றுத் தோட்டா உறைகள்தான். சுட்ட பிறகு பொறுக்கி, கழுவி, மறுபடி மருந்தடைத்துச் சுடுகிற பித்தளை உறைகள்.

ஆர்விட் எதிலும் ஒழுங்கு. எந்த உறை எத்தனை தடவை சுடப்பட்டது என்று பைக்குப் பை சீட்டு எழுதி வைத்திருந்தார். துப்பாக்கி கிளப்பில் பிறர் உறையோடு கலந்துவிடக் கூடாதென்று, ஒவ்வொன்றின் விளிம்பிலும் அரத்தால் ஒரு கீறல் போட்டிருந்தார். நெட்ரா அந்தச் சீட்டுகளைப் பார்த்தே விலை வைத்தாள். ஒருமுறை சுட்டது அறுபது சென்ட். ஆறு தடவை சுட்டது பத்து சென்ட்.

சனிக்கிழமை, மாவட்டத் திடலில் துப்பாக்கிச் சந்தை. ஒருமுறை சுட்டதெல்லாம் மதியத்துக்குள் போய்விட்டது. மற்றதை எடுத்தவர்கள் சீட்டைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார்கள். பக்கத்து மேசை க்ளீட் பார்ஸ்டோவுடையது. ஆர்விட்டோடு இருபது வருடம் மான் வேட்டைக்குப் போனவன்.

"நெட்ரா, இத யாரும் வாங்க மாட்டாங்க. பழைய பித்தளைன்னு எடைக்குத்தான் போகும்," என்றான் க்ளீட்.

"தெரியும். அதான் பத்து சென்ட் போட்டிருக்கேன்."

"சரி, அந்த ஆறு தடவை பைய அப்படியே குடு. ஆர்விட்டுக்காக எடுத்துக்கிறேன்."

முந்நூறு உறை. முப்பது டாலரை எண்ணி வைத்தான். வீட்டிலிருந்து செய்து கொண்டுவந்த ஆப்பிள் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அவனுக்குக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை அவள் வந்தபோது க்ளீட்டின் மேசையில் புதுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. உள்ளே பளபளவென்று தேய்த்த உறைகள். மேலே அட்டை: ஒருமுறை சுட்டது, அறுபது சென்ட். ஒன்றை எடுத்து விளிம்பைத் தடவினாள். கீறல் விரலில் பட்டது.

அப்போது பண்ணையில் வேலை செய்கிற கால்டர் என்ற இளைஞன் இரண்டு பெட்டிகளுக்குப் பணத்தை எடுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அது ஆறு தடவை சுட்டது," என்றாள் நெட்ரா. "நேத்து நான்தான் இவருக்கு வித்தேன். அடிப்பக்கம் பிளந்துடும். மூஞ்சிக்கு நேரா வெடிக்கும்."

க்ளீட் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, "பாவம், வீட்டுக்காரர் படுத்ததுலேர்ந்து இவ ஒரு நிலையில இல்ல," என்றான்.

கால்டர் முனை வளைத்த கம்பி ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஓர் உறைக்குள் விட்டு மெல்ல இழுத்தான். அடியில் கம்பி தடுக்கி நின்றது. இன்னொன்றிலும் அப்படியே.

"இந்தம்மா சொல்றது சரிதாங்க. உள்ள பள்ளம் விழுந்திருக்கு. பல தடவை சுட்டாத்தான் இப்படித் தேயும்."

க்ளீட் கண் இமைக்காமல் சொன்னான்: "அப்படியா? நானும்தான் ஏமாந்துட்டேன் போல. ஒருமுறை சுட்டதுன்னு சொல்லித்தான் இவ என் தலையில கட்டினா."

"சீட்டு போட்டுக் குடுத்தேனே, க்ளீட்."

"எங்க சீட்டு? காட்டு."

காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. சீட்டு பையோடு போயிருந்தது.

"யாரோட உறைங்க இது?" என்றான் கால்டர்.

"ஆர்விட் லோஃப்கிரனோடது," என்று நாலு மேசைக்குக் கேட்கும்படி சொன்னான் க்ளீட்.

அவன் பெட்டிகளைச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளினான். அன்று முழுக்க நன்றாகவே வியாபாரம் செய்தான். நெட்ராவின் மேசைப் பக்கம் புதிதாக யாரும் வரவில்லை. முதல் நாள் வாங்கியவர்கள் மட்டும் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். கிளப்பில் ஆர்விட்டோடு காப்பி குடித்த வெர்ல் கூடப் பையைத் திருப்பி வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பேரன் சுடப் போறான். சந்தேகத்தோட குடுக்க முடியாது."

"இது உண்மையிலேயே ஒருமுறை சுட்டதுதான், வெர்ல். சீட்டுல இருக்கிற அவர் கையெழுத்த உங்களுக்குத் தெரியாதா?"

வெர்ல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறெங்கோ பார்த்தார். அவள் பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை விடுதிக்குப் போனாள். ஆர்விட்டுக்குப் பேச்சு வராது. இடது கையால் பலகையில் கிறுக்குவார். யார் வாங்கினது என்று எழுதிக் காட்டினார்.

"க்ளீட் நெறைய எடுத்துக்கிட்டாரு," என்றாள்.

அவருடைய பாதி முகம் மலர்ந்தது. மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினார்: நல்லவன்.

நெட்ரா பலகையை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். தட்டில் ஆறிப்போயிருந்த உருளைக்கிழங்கு மசியலைக் கரண்டியில் எடுத்து, அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.