ஓட்டுநர் இருக்கையின் அளவு

அந்தப் பட்டறையில் கையால் செய்யும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் முடியப் பதினோரு மாதம் ஆகும். வருஷத்துக்குப் பத்துக்கு மேல் செய்வதில்லை. வாங்குகிறவர் நேரில் வந்து, வெளிப்பூச்சிலிருந்து தையல் நூல்வரை எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுப்பார். கடைசியாக ஓட்டுநர் இருக்கைக்கு அவருடைய உடம்பின் அச்சை எடுக்கவேண்டும். பட்டறையில் அளவெடுக்கும் அவளுடைய வேலை அது.

அந்த முறை வந்தவர் தரை டைல்ஸ் கம்பெனி வைத்திருந்தார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் டைல்ஸ்காரர். லேசில் திருப்தியடைகிற ஆள் இல்லை. ஈரச் சிமெண்ட் நிறம் வேண்டும் என்று பதினேழு மாதிரித் தகடுகளை வெயிலில் வைத்துப் பார்த்தார். ஒன்றை மூக்கருகே கொண்டுபோய், "இது காய ஆரம்பிச்ச சிமெண்ட்" என்று ஒதுக்கினார். இருக்கை என்றதும் வாசலில் நின்ற தன் டிரைவரைக் கூப்பிட்டார்.

"நீ உக்காருப்பா."

"நானா ஐயா?"

"பின்னே, நானா ஓட்டப் போறேன்?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். டைல்ஸ்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு நேரா தெரியும்மா, ரெண்டு பக்கமும் தெரியாது. குழாய் வழியாப் பாக்குற மாதிரி. ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆச்சு. வீட்டுல யாருக்கும் தெரியாது. இவனுக்கு மட்டும் தெரியும்."

"அப்புறம் எதுக்கு சார் இந்தக் கார்?" வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"பக்கத்துல உக்காந்து போறதுக்கு. வேகம் நேராத்தானே வருது."

அவள் இருக்கைக் கூட்டுக்குள் பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, அதில் நுரையை ஊற்றி, டிரைவரை உட்கார வைத்தாள். இருபது நிமிடம் அசையக் கூடாது. அதற்குள் நுரை கெட்டியாகி அச்சைப் பிடித்துக்கொள்ளும். ஒல்லியான மனிதர். இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருந்தது, வருஷக்கணக்காகப் பின்பாக்கெட் பர்ஸின் மேல் உட்கார்ந்ததால். கழுத்தும் கொஞ்சம் திரும்பியிருந்தது. "பின்சீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்தது" என்று அவரே சொன்னார். படிவத்தில் டைல்ஸ்காரர் பெயருக்குக் கீழே அளவுகளை எழுதினாள். வேறு ஆளுடையது என்று எழுத அதில் கட்டம் இல்லை.

பதினோராம் மாதம் டைல்ஸ்காரர் மகனோடு வந்தார். கம்பெனி இப்போது மகன் கையில். டிரைவர் வரவில்லை. மகன் நேராகப் போய்க் காருக்குள் இறங்கினான். தோள் சிக்கியது. இடுப்பு பாதிதான் உள்ளே போனது.

"என்ன இது, அப்பாவே உக்கார முடியாதே! இவ்வளவு விலை வாங்கிட்டு அளவு எடுக்கத் தெரியாதா?"

பட்டறை ஃபோர்மேன் அவசரமாக முன்னால் வந்தார். "அளவு எடுத்தது யாரு?"

"நான்தான்" என்றாள்.

"யாரோட அளவு?"

அவள் டைல்ஸ்காரரைப் பார்த்தாள். அவர் காரின் கூரைமேல் கையை வைத்தபடி நின்றார். "எனக்குக் குடுத்த அளவு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பதினாலு வருஷ வேலை; ஒரே வாக்கியத்தில் போய்விடலாம் என்று அவளுக்குத் தெரியும்.

"மன்னிச்சுக்கோங்க சார். இவங்க மேல நடவடிக்கை எடுக்கிறோம்" என்றார் ஃபோர்மேன்.

"அவங்களை விடுங்க" என்றார் டைல்ஸ்காரர். "அது நம்ம டிரைவரோட அளவு."

மகன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. கண்ணைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி, நின்ற இடத்திலிருந்தே நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது.

"போன மாசம் நான் டிரைவரை வேலையை விட்டு நிறுத்தினப்ப ஏம்ப்பா பேசாம இருந்தீங்க?"

"பேசியிருந்தா காரணம் கேட்டிருப்ப."

டைல்ஸ்காரர் அங்கேயே டிரைவருக்குப் போன் போடப் போனார். திரையில் எண்ணைத் தேடச் சிரமப்பட்டதால் மகன்தான் அதை அழுத்தி ஸ்பீக்கரில் வைத்தான். டிரைவர் இப்போது ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாராம்.

"திரும்ப வேலைக்கு வரமாட்டேன் ஐயா. இங்க எனக்கு வார லீவு இருக்கு."

"சரிப்பா."

"லீவு நாள்ல கூப்பிடுங்க, வர்றேன். சம்பளம் வேணாம்."

"பின்னே எதுக்கு வருவ?"

"அந்த வண்டியை ஓட்ட வேணாமா?"

அந்த வாரமே வந்தார். சோதனைப் பாதையில் டைல்ஸ்காரரைப் பக்கத்தில் வைத்து ஆறு சுற்று ஓட்டினார். அவள் ஜன்னலிலிருந்து இரண்டு சுற்று பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

மகன் தனக்கென்று இன்னொரு இருக்கை கேட்டான். வேண்டியபோது கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அச்சு எடுக்க அவனே தனியாக வந்தான். பத்து நிமிடம் நுரைக்குள் உட்கார்ந்திருந்தான்.

"ஒரே வீட்டுல இருக்கேன்" என்றான் பிறகு. "தினமும் எதிர்ல உக்காந்துதான் சாப்பிடுறார். எனக்குத் தெரியவே இல்ல."

"எதிர்ல இருந்தா அவருக்கு உங்களை நல்லாத் தெரியும் சார்."

அவனுடைய தோள்கள் அழுகையில் குலுங்கின.

"அசையாதீங்க" என்றாள். பிறகு நுரையைத் தொட்டுப் பார்த்தாள், அச்சு கலைந்திருந்தது. புதிய பை எடுக்க உள்ளே போனாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.